அஷ்டமியில் இறக்கிய மிதவை

கொல்கத்தா லேக் கார்டன்ஸில் மீனாட்சிசுந்தரத்தின் கடைக்கு இட்லி மாவு வாங்கப் போகிறவர்கள், மாவோடு சேர்த்து அவருடைய மருமகளைப் பற்றிய செய்தியையும் வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும். தட்டை வேண்டுமா, ரிப்பன் பக்கோடா வேண்டுமா என்று கேட்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுவார். "எங்க வித்யா கடல்ல கரண்ட் எடுக்கறா, தெரியுமில்ல?" வங்காளிகளுக்கு வங்காளத்தில், மார்வாடிகளுக்கு இந்தியில், சாஃப்ட்வேர் வேலைக்கு வந்து இறங்கியிருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழில். அவசரமாக வந்தவர்கள் மாவு புளித்துவிடும் என்று சாக்குச் சொல்லித் தப்பித்தால்தான் உண்டு.

அந்த மருமகள் வித்யாலட்சுமி திருச்செந்தூர்க்காரி. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் டிப்ளமா முடித்தவள். கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த அவர் மகன் நிர்மலைக் கட்டிக்கொண்டு வந்தபோது, அவள் கடை வேலைக்கு ஒத்தாசையாக இருப்பாள் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். முறுக்கு பிழிவதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மாவு அரைக்கும் கிரைண்டர் ஒருநாள் மக்கர் பண்ணியபோது, மெக்கானிக் வருவதற்குள் மோட்டாரைக் கழற்றித் தரையில் பரப்பிவிட்டாள். இவளை அடுப்படியில் வைத்திருப்பது வீண் என்று மாமியார் அன்னபூரணிக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. அடுத்த மாதமே சாந்த்ராகாச்சியில் கோஷால் என்பவரின் பம்பு மோட்டார் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

கோஷாலுக்குப் பம்பு சோறு போட்டது. மனசு மட்டும் அலையில் கிடந்தது. கடலோரத்துச் சின்னச் சின்ன துறைகளுக்கு, அங்கே அடிக்கும் அலையிலிருந்தே விளக்குக்கு மின்சாரம் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று பல வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு தொண்டு நிறுவனம் கொஞ்சம் உதவிக்கு வந்ததும், பட்டறையில் எல்லோரையும் கூப்பிட்டு, "உங்களில் கடல் தெரிந்தவர் யார்?" என்று கேட்டார். மற்றவர்கள் எல்லாம் பூரிக்கும் திகாவுக்கும் போய்க் காலை நனைத்துவிட்டு வந்தவர்கள். வித்யாலட்சுமி கையைத் தூக்கினாள். கடல் எனக்குத் தெரியும் என்றாள். அதில் பொய் எதுவும் இல்லை. திருச்செந்தூர்க் கடல் அவளுக்கு உண்மையிலேயே தெரியும்.

அவர்கள் செய்த கருவி ஒன்றும் பெரிய மாயம் இல்லை. தண்ணீர்த் தொட்டி அளவுக்கு ஒரு மிதவை. அதன் வயிற்றில் ஒரு டைனமோ. மிதவையிலிருந்து கடலடியில் கிடக்கும் ஒரு பாரத்துக்குக் கயிறு. அலை வந்தால் மிதவை எழும், கயிறு இழுபடும், உள்ளே சக்கரம் சுற்றும். அலை இறங்கும்போது சக்கரம் பின்னோக்கிச் சுற்றாமலிருக்க சைக்கிள் ரிக்‌ஷாவின் ஃப்ரீவீலைப் போட்டது வித்யாலட்சுமியின் யோசனை. அப்படி வருகிற மின்சாரம் ஒரு பேட்டரியில் சேர்ந்து, கரையில் இருக்கும் கம்பத்தில் விளக்காக எரியும்.

அந்தக் கம்பம் நிற்க வேண்டிய இடம் சோனாசர். நாம்கானாவில் ரயிலை விட்டு இறங்கி, படகில் ஏறி, கடலும் ஆறும் கலக்கும் இடத்தைத் தாண்டிப் போனால் வருகிற ஒரு சின்னத் தீவு. புயல் ஒன்று மின்கம்பிகளைச் சுருட்டிக்கொண்டு போனபின் தீவின் தெற்குத் துறை இருட்டாகவே கிடந்தது. யாரோ கொண்டுவந்து வைத்த சூரிய விளக்கும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தாங்கவில்லை. மீன் பிடிக்கப் போன படகுகள் அந்தி மங்கித் திரும்பும்போது துறை எது, சேற்றுத் திட்டு எது என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பெண் துறைக்கு வந்து, சேற்றில் நின்று, தன் வீட்டுப் படகைப் பேர் சொல்லிக் கத்துவாள். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் படகு உள்ளே வரும். மழையோ காய்ச்சலோ பிள்ளைத்தாய்ச்சியோ, கத்தத்தான் வேண்டும். போன வருஷம் காற்று குரலைத் திருப்பிவிட்டதில் ஒரு படகு திட்டில் ஏறிக் கவிழ்ந்து, மாலதி என்பவளின் மைத்துனன் போய்ச் சேர்ந்தான்.

இடம் பார்க்கப் போன அன்று அந்த மாலதியின் வீட்டில்தான் வித்யாலட்சுமி சாப்பிட்டாள். எல்லோரும் மாஷி, அதாவது சித்தி, என்று கூப்பிடும் அவள் கத்திக் கத்திக் கரகரத்துப்போன தொண்டைக்காரி. சாயங்காலம் அவள் அந்தக் குரலோடு சேற்றில் இறங்கியதைப் பார்த்ததும் வித்யாலட்சுமிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "லக்ஷ்மி பூஜைக்கு அப்புறம் நீங்க யாரும் இங்க வந்து கத்த வேண்டாம் மாஷி," என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். கோஷால் கூட அப்படித் தேதி குறித்து எதையும் சொன்னதில்லை.

துர்கா பூஜைக்குக் கொல்கத்தாவே பந்தல் பார்க்கக் கிளம்பிவிடும். பட்டறை மூடல். மிதவையை இறக்க அதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்று அஷ்டமி அன்று போவதாக முடிவு செய்தாள். மீனாட்சிசுந்தரத்துக்கு அது தாங்கவில்லை.

"ஏம்மா, அஷ்டமில போயி யாராச்சும் ஒண்ண ஆரம்பிப்பாங்களா? தசமி கழிச்சுப் போயேன்."

"இங்க அஷ்டமிதானே மாமா பெரிய நாளு? ஊரே புதுத்துணி உடுத்திப் பந்தல்ல பூவஞ்சலி போடுது. அம்பாளே ஒண்ணும் சொல்லல, நீங்க என்ன?" என்றாள் வித்யாலட்சுமி.

"அவ வங்காளத்து அம்பாள்மா. நம்ம பஞ்சாங்கம் வேற."

அவள் சிரித்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். கடல் அன்றைக்குச் சாதுவாக இருந்தது. படகிலிருந்து கயிறு விட்டு ஆழம் பார்த்தாள். திருச்செந்தூரில் கடல் நாள் முழுக்க ஏறி இறங்கினாலும் முழங்கால் அளவுக்கு மேல் வித்தியாசம் தெரியாது. இது வேற்றூர், எதற்கும் இருக்கட்டும் என்று தாராளமாக இடுப்பளவுக்கு மேலேயே கயிறு கூட விட்டாள். முடிச்சுகளை அவள் போட்ட வேகத்தைப் பார்த்துப் படகுக்காரர்களே வாய்பிளந்தார்கள். அந்தியில் விளக்கு எரிந்தது. பெண்கள் குலவையிட்டார்கள், சங்கு ஊதினார்கள். திரும்பி வரும்போது கொல்கத்தா முழுக்க லட்சம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதில் ஒன்றாவது தன்னுடைய ஒற்றை விளக்குக்கு ஈடாகுமா என்று அவளுக்கு ஒரு கர்வம். அந்த ஒரு வாரம் கடையில் மாமாவின் வாயை அடைக்க யாராலும் முடியவில்லை.

லக்ஷ்மி பூஜை துர்கா பூஜைக்கு அடுத்த பௌர்ணமியில் வரும். அன்று பட்டறைக்கு மாலதியிடமிருந்து போன் வந்தது. "பௌதி, உங்க குடம் முங்கிப்போச்சு," என்று வங்காள வழக்கப்படி அண்ணி முறை வைத்துச் சொன்னாள்.

மறுநாள் போய்ப் பார்த்தாள். மிதவை சேற்றில், வயிறு பிளந்து, ஒருக்களித்துக் கிடந்தது. அதைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை தண்ணீரே இல்லை. பிறகு கடலேற்றம் வந்தது. வித்யாலட்சுமி கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர் முழங்காலில் நிற்கவில்லை, இடுப்பில் நிற்கவில்லை, ஆள் உயரத்தையும் தாண்டி, ஒரு மாடிவீட்டு உயரத்துக்கு ஏறிக்கொண்டே போனது. வங்கக் கடலின் இந்தக் கோடியில் பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கடல் இப்படித்தான். கயிறு எட்டாமல் மிதவை தண்ணீருக்குள் இழுபட்டு, மூடிவழியே உப்புத்தண்ணீர் புகுந்து, வற்றத்தில் தரையில் அறைபட்டு உடைந்திருக்கிறது.

"இது உங்களுக்கெல்லாம் தெரியுமே மாஷி. சொல்லியிருக்கலாமே," என்றாள்.

"நீங்க அவ்வளவு வேகமா முடிச்சுப் போட்டீங்க பௌதி. உள்ள எங்கயோ மிச்சக் கயிறைச் சுருட்டி வச்சிருக்கீங்கன்னு நினைச்சோம். கடல்கார ஊர்ப் பொண்ணுக்கு நாங்க என்ன சொல்றது?"

மாலதி குத்திக்காட்டவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள். அதுதான் வித்யாலட்சுமிக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று சாயங்காலம் பெண்கள் பழையபடி சேற்றில் இறங்கினார்கள். அவளும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, மாலதிக்குப் பக்கத்தில் நின்று, மாலதி வீட்டுப் படகைப் பேர் சொல்லிக் கத்தினாள். படகு வந்து சேர்வதற்குள் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. இதைத் தினமும் செய்கிறவர்களிடமா பெரிய வாய் பேசினோம் என்று அழுகை வந்தது. அழுதாள், இருட்டில் யாருக்கும் தெரியவில்லை.

பட்டறையில் கோஷால் திட்டவில்லை. அவருடைய மேஜை இழுப்பறையில் ஹூக்ளி முகத்துவாரத்தின் ஏற்றவற்ற அட்டவணை இருந்தது. கடற்கரைப் பெண், அவளுக்குத் தெரியாததா என்று அவர் அதை எடுத்துக் காட்டவில்லை. கடல்தானே, எனக்குத் தெரியாததா என்று அவள் அதைக் கேட்கவில்லை. தப்பில் பாதி என்னுடையது என்றார் அவர். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: இன்னும் ஒரே ஒரு மிதவைக் கூடுதான் இருக்கிறது. பங்குனிப் பௌர்ணமியில் ஹோலியாக வரும் டோல் பண்டிகைக்குள் அது சோனாசரில் நின்று எரிந்தால் சரி. இல்லையென்றால் அலை வேலையை மூட்டை கட்டிவிட்டு, அவரும் அவளும் பம்புக்குத் திரும்ப வேண்டியதுதான்.

கடைக்கு வந்தவர்கள் "மருமகள் கரண்ட் என்னாச்சு?" என்று கேட்டால் மாமா ரிப்பன் பக்கோடாவை நிறுத்துப் போடுவதில் மும்முரமாகிவிடுவார். ஒரு வழியாக ஒருநாள் சாப்பிடும்போது வாயைத் திறந்தார்.

"அஷ்டமின்னு அப்பவே சொன்னேன்."

"நீங்க சொன்னது சரிதான் மாமா," என்றாள் வித்யாலட்சுமி. "அஷ்டமியில பாதி நிலா. அன்னைக்குத்தான் கடல் ரொம்பக் கம்மியா ஏறும். அந்த நாளா பாத்து நான் ஆழம் அளந்திருக்கேன். ஆனா தப்பு அஷ்டமி மேல இல்ல, ஒரு நாள் மட்டும் பாத்துட்டுத் தெரியும்னு சொன்ன என் மேல. அடுத்த தடவ பௌர்ணமியிலேயே இறக்குதேன். கடல் எவ்வளவு ஏறுமோ ஏறட்டும்."

மாமாவின் காதில் 'நீங்க சொன்னது சரிதான்' மட்டும் விழுந்தது. மறுநாளிலிருந்து கடையில் பஞ்சாங்கத்தின் பெருமை ஓடியது.

இந்த இடத்தில், எதையோ பார்த்தாள், சட்டென்று பொறி தட்டியது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. குளிர்காலம் முழுக்க அவளும் கோஷாலும் தப்புத் தப்பாகச் செய்து பார்த்தார்கள். கயிற்றை நீளமாக விட்டால் தொய்ந்து சிக்கியது. ஸ்பிரிங் போட்டால் அறுந்தது. இதற்கு நடுவில் அவள் விடுமுறை எடுத்துக்கொண்டு சோனாசருக்குப் போவாள். பௌர்ணமி, அமாவாசை, பாதி நிலா என்று விதவிதமான நாளில் போய், கரையில் ஒரு மூங்கிலை நட்டு, தண்ணீர் எதுவரை வருகிறது என்று உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவாள். துறையில் பெண்கள் கத்தும் நேரத்தில் அவளும் போய் நிற்பாள். வாக்குக் கொடுத்தவள் வந்து நிற்கிறாளே என்று யாரும் கேலி செய்யவில்லை.

கடைசியில் கயிற்றைக் கடலடியில் கட்டும் எண்ணத்தையே விட்டுவிட்டாள். வற்றத்திலும் தண்ணீர் நிற்கும் இடத்தில் ஓர் உயரமான இரும்புச் சட்டம். அதன் உச்சியில் கிணற்றுக் கப்பி மாதிரி ஓர் உருளை. கயிற்றின் ஒரு நுனியில் மிதவை, மறு நுனியில் ஒரு பாரம். டைனமோவும் மேலே, உருளையோடு, உப்புத்தண்ணீர் எட்டாத இடத்தில். கடல் மாடி உயரம் ஏறினாலும் மிதவை அதோடு ஏறும், பாரம் அந்தப் பக்கம் இறங்கிக்கொள்ளும், கயிறு எப்போதும் விறைப்பாகவே இருக்கும். அலை எந்த உயரத்தில் அடித்தாலும் உருளை சுற்றும்.

பாரம்தான் மிச்சமிருந்த தலைவலி. இரும்பு துருப்பிடித்தது. சிமெண்டில் வார்த்தது உப்பில் பொரிந்து உதிர்ந்தது. அன்னபூரணி இரண்டு நாளாக மருமகள் சாப்பாட்டில் கைவைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டாள். கேட்டுவிட்டுக் கடையின் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே பழைய பெரிய கிரைண்டரின் கல் கிடந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்த கருங்கல், நடுவில் துளையோடு.

"கயிறு கோக்க ஓட்டையும் இருக்கு. எடுத்துட்டுப் போ," என்றாள். "எத்தன வருஷம் புளிச்ச மாவுல ஊறியிருக்கு, உப்புத்தண்ணி இத என்ன பண்ணிரும்?"

டோல் பௌர்ணமி அன்று தென்காற்று தொடங்கியிருந்தது. இந்த முறை மீனாட்சிசுந்தரமும் கூடவே கிளம்பிவிட்டார். நாள் பார்த்துக் கொடுத்தது நான்தானே என்பது அவருடைய கட்சி. படகில் ஏறும்போது வேட்டி நனைந்தது, இறங்கும்போது செருப்பைச் சேறு விழுங்கியது, ஆனாலும் வாய் ஓயவில்லை. தீவுப் பிள்ளைகள் அவர்மேல் பச்சையும் சிவப்புமாக அபீர் என்னும் வண்ணப் பொடியைத் தூவிவிட்டார்கள்.

வித்யாலட்சுமி அன்றைக்கு முடிச்சுகளை மெதுவாகப் போட்டாள். ஒவ்வொன்றையும் மாலதியிடம் இழுத்துப் பார்க்கச் சொன்னாள். மாலதி இழுத்துப் பார்த்துவிட்டு ஒன்றை அவிழ்த்து மறுபடி போடச் சொன்னாள், போட்டாள். பிறகு இருவரும் கரையில் உட்கார்ந்தார்கள். தண்ணீர் ஏறத் தொடங்கியது. முழங்கால், இடுப்பு, ஆள் உயரம். மிதவை ஏறிக்கொண்டே போனது. கல் மறுபக்கம் இறங்கிக்கொண்டே வந்து தண்ணீருக்குள் மறைந்தது. ஏற்றம் உச்சிக்கு வந்து நின்றது. சட்டம் அசையவில்லை. கயிறு தொய்யவில்லை. கரைக் கம்பத்தில், ஒவ்வோர் அலைக்கும் ஒருமுறை, அவள் வைத்திருந்த சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. அது உருளை சுற்றுகிறது என்பதற்கு அடையாளம். பிறகு கடல் வற்றியது, எவ்வளவு வற்ற முடியுமோ அவ்வளவு வற்றியது. சிவப்பு விளக்கு மெதுவாக மினுக்கியது, ஆனால் நிற்கவில்லை.

அன்று அந்தியில் பெரிய விளக்கு எரிந்தபோது தீவே துறையில் நின்றது. சங்கு ஊதினார்கள். மாலதி மட்டும் ஊதவில்லை. போன முறையும் இப்படித்தான் எரிந்தது என்று அவள் நினைத்திருக்கலாம். படகுகள் வரும் நேரத்தில், விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே, அவள் வழக்கம்போல் சேற்றில் இறங்கி நின்று தன் வீட்டுப் படகைக் கூப்பிட்டாள். மற்றப் பெண்களும் கூப்பிட்டார்கள். வித்யாலட்சுமி அதைத் தடுக்கவில்லை. ஒரு நாள் விளக்கை நம்பி ஒரு வீட்டு ஆளை விட முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் பௌர்ணமிக்கு அடுத்த ஏற்றம், அது முந்தின நாளைவிடவும் பெரியது. காற்றும் சேர்ந்துகொண்டது. மிதவை எகிறிக் குதித்தது, சட்டம் முனகியது. கோஷாலிடமிருந்து மணிக்கொரு தரம் போன். எதுவும் உடையவில்லை. அன்றைக்குச் சில பெண்களே துறைக்கு வந்தார்கள். வந்தவர்களும் சேற்றில் இறங்காமல் கரையில் நின்று பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனார்கள். மாலதி மட்டும் இறங்கி நின்றாள்.

அதற்கும் அடுத்த நாள் மாமாவும் மருமகளும் ஊர் திரும்புவதாக இருந்தது. அன்றைய அந்தியையும் பார்த்துவிட்டுக் காலையில் போகலாம் என்று மாமாதான் நிறுத்தி வைத்தார். கடையில் சொல்வதற்கு ஒரு போட்டோ வேண்டுமாம், கூட்டத்தோடு, விளக்கோடு, நடுவில் மருமகளோடு. முகத்தைக் கழுவி, சட்டையில் ஒட்டியிருந்த பச்சைப் பொடியைத் தட்டிவிட்டுக்கொண்டு, போனைக் கையில் பிடித்தபடி துறைக்கு முன்னாலேயே வந்து நின்றுவிட்டார்.

இருட்டத் தொடங்கியது. விளக்கு எரிந்தது. யாரும் வரவில்லை.

கடலில் முதல் படகு தெரிந்தது. நேராக, திட்டுப் பக்கம் திரும்பாமல், விளக்கைப் பார்த்து உள்ளே வந்து கரை தட்டியது. அடுத்தது வந்தது. அதற்குப் பின்னால் மாலதி வீட்டுப் படகும் வந்தது. ஆண்கள் வலையை இறக்கிக்கொண்டு, மாமாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வீட்டைப் பார்த்து நடந்தார்கள். துறை முழுக்க அலைச்சத்தம் தவிர ஒரு குரல் இல்லை. மேட்டில் வீடுகளில் அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது. மாலதி வீட்டு வாசலில் மாலதி மீன் குழம்புக்கு மஞ்சள் அரைப்பது இங்கிருந்தே தெரிந்தது. அவள் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாமாவுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"என்னம்மா இது, ஒரு மனுஷரக் காணோம்? இவ்வளவு செஞ்சு குடுத்திருக்க, எட்டிப் பாக்கக்கூட ஒருத்தி வரலியே," என்றார்.

வித்யாலட்சுமி ஆளில்லாத துறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு நெஞ்சு கொள்ளாத பெருமையாக இருந்தது. அதை அடக்கிக்கொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.

"யாரும் வர வேண்டாம்னுதானே மாமா விளக்கு போட்டிருக்கேன்," என்றாள்.